முதிய பெற்றோரைப் பிள்ளைகள் பேணுவது ஏன்? – மம்பாவ் தோட்டப்புறங்கள் தரும் விடை

வளர்ந்து ஆளாகி, தமக்கென வேலையும் குடும்பமும் அமைந்த பிறகும் பிள்ளைகள் முதிய பெற்றோரைப் பேணுகின்றனர். இஃது இயல்பான செயலாகத் தோன்றுவதால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், பாசம், கடமை, பெற்ற கடன் என்னும் விடைகள் உடனே கிடைக்கும். இவ்விடைகள் பிழையானவை அல்ல. ஆனால், அவை மட்டுமே போதுமானவையும் அல்ல. பாசத்தில் குறைவில்லாத இரு குடும்பங்களுள் ஒன்றில் பெற்றோர் நன்கு பேணப்படுகின்றனர். மற்றொன்றில் அவர்கள் தனித்து விடப்படுகின்றனர். அப்படியானால், பாசத்தோடு வேறு சில காரணங்களும் சேர்ந்தே பராமரிப்பை நிலைக்கச் செய்கின்றன. அவை யாவை என்பதை அறிய, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மம்பாவ் வட்டாரத் தோட்டப்புற வாழ்க்கை நமக்குத் துணைபுரிகிறது.

கடல் கடந்த பராமரிப்பு

மம்பாவ், சிரம்பான் நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள சிற்றூர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் சுங்கை ஊஜோங் எனப்பட்ட இவ்வட்டாரத்தில் முதலில் காப்பி பயிரிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பியின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. காட்டைத் திருத்தவும் கன்று நடவும் மரம் சீவவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டி வருவது வழக்கமாக இருந்தது.

அவ்வாறு வந்தோருள் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களின் பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்டனர். எனவே, தோட்டத்துத் தமிழர்கள் தங்கள் பெற்றோரைக் கடலுக்கு இப்பாலிருந்தே பேண வேண்டியிருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை மணியார்டர் வழி ஊருக்கு அனுப்பினர். எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தவரைக் கொண்டு நலம் விசாரித்துக் கடிதம் எழுதினர். பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால், தாய் நோயுற்றபோது தண்ணீர் கொடுக்க மகன் அருகில் இல்லை. பெற்றோருக்குப் பணத்தால் செய்யக்கூடியதும் அருகில் இருந்தால் மட்டுமே செய்யக்கூடியதும் வெவ்வேறானவை என்பதை அந்தத் தலைமுறை நன்கு உணர்ந்திருந்தது.

1938ஆம் ஆண்டில், தொழிலாளர்கள் பண உதவியுடன் மலாயாவுக்கு அனுப்பப்படுவதை அன்றைய இந்திய அரசு தடை செய்தது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி ஏற்பட்டதும் ஊருக்குப் பணமும் கடிதமும் போவது நின்றுபோனது. சயாம் – பர்மா ரயில் பாதை அமைப்பதற்காகத் தோட்டத்து ஆண்கள் பலர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. உழைக்கும் மகனை இழந்த முதியோரும் தந்தையை இழந்த சிறுவரும் லயங்களில் எஞ்சினர். போருக்குப் பின்னர், மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை தலையெடுத்தது. அத்தலைமுறையினரின் பெற்றோர் கடலுக்கு அப்பால் இல்லை. அதே லயத்தில், அதே வீட்டில் இருந்தனர்.

கொடுப்பதற்குச் சொத்து இல்லை

பிள்ளைகள் பெற்றோரைப் பேணுவதற்குச் சொத்தும் ஒரு காரணம் என்று கூறுவோர் உண்டு. 1985ஆம் ஆண்டில் டக்ளஸ் பெர்ன்ஹெய்ம், ஆண்ட்ரே ஷ்லைஃபர், லாரன்ஸ் சம்மர்ஸ் ஆகிய மூன்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லக்கூடிய செல்வம் பெற்றோரிடம் இருக்கும்போது, பிள்ளைகள் அவர்களைக் கூடுதலாகத் தொடர்பு கொள்கின்றனர் என்பது அவர்களின் கருத்து.

இக்கருத்தைத் தோட்டப்புறத்தில் பொருத்திப் பார்த்தால் அது நிற்பதில்லை. தோட்டத் தொழிலாளியிடம் விட்டுச் செல்வதற்கு நிலம் இல்லை, வீடும் இல்லை. அவர் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானது. வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றதும் அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தவருக்கும் இதே நிலைதான்.

ஓய்வூதியமும் இல்லை. ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். நாள் கூலியில் வாழ்ந்தவரின் சம்பளமே சிறிது. அதில் 10 விழுக்காடு சேர்ந்தாலும் பெருந்தொகை ஆகிவிடாது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் குறையும். இத்தகைய வாழ்க்கையில் சேமிப்பு என்பது அரிதாகவே இருந்தது.

1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் வெளிநாட்டு உரிமையாளர்கள் சிலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர். அதனால், தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். இந்நிலையை எதிர்கொள்ளவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தங்கள் சிறுசேமிப்பைத் திரட்டித் தாங்களே தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். தோட்டம் கைமாறினால் முதலில் கதிகலங்கியவர்கள், இனி வேறு வேலைக்குப் போக முடியாத முதியோரே.

ஆகவே, ஓய்வு பெற்ற தாய் தந்தையர் தொடர்ந்து ஒரு கூரையின்கீழ் வாழ வேண்டுமானால், பிள்ளைகளுள் ஒருவர் அத்தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்திருக்க வேண்டும். அவர் பெயரில் வீடு தொடரும். பெற்றோரும் அவருடன் தங்கலாம். சில குடும்பங்களில் படிப்பை நிறுத்திக்கொண்டு பால்வெட்டுக்குப் போன மகனோ மகளோ உண்டு. வீட்டைக் காப்பாற்றுவதும் அதற்கு ஒரு காரணம். பெற்றோரிடமிருந்து சொத்து எதுவும் வராது என்று தெரிந்தும், பெற்றோருக்காகத் தம் வாய்ப்பை விட்டுக்கொடுத்த பிள்ளைகளின் செயலைச் சொத்து ஆசையால் விளக்க முடியாது. வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

விடியலுக்கு முன் தொடங்கும் நன்றிக்கடன்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த அதிகாலையில்தான். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறைந்துவிடும். அதனால், விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வெளிக்காட்டுக்குச் செல்ல வேண்டும். ஆண்களும் பெண்களும் நிறை பிடித்து மரம் சீவினர். கணவனும் மனைவியும் இருட்டிலேயே கிளம்பிவிட்டால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

இக்கேள்விக்குத் தோட்டத்தில் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, ஆயாக் கொட்டகை. வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்குத் தோட்ட நிர்வாகம் ஏற்படுத்திய இடம் அது. மற்றொன்று, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி. குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, தேநீரும் ரொட்டியும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் பெரும்பாலும் பாட்டியே. தாத்தா கோழி வளர்த்தார். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் மரவள்ளியும் நட்டார். கைகால் ஓடும்வரை ஒட்டுப்பால் எடுக்க உதவினார். முதியவர் வீட்டிற்குச் சுமையாக இல்லை. அவர் இருந்ததால்தான் மகனும் மருமகளும் வேலைக்குப் போக முடிந்தது.

முதியோரின் இப்பங்கு மனித இனத்தின் வரலாற்றிலேயே முக்கியமானது என்று மானிடவியல் அறிஞர்கள் சிலர் கருதுகின்றனர். கிறிஸ்டன் ஹாக்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் வாழும் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்தனர். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் மக்கள் அவர்கள். தாய் புதிதாகக் குழந்தை பெற்றிருக்கும்போது, மூத்த குழந்தைகளுக்கு உணவு தேடிக் கொடுப்பதில் பாட்டிமார் பெரும்பங்கு வகித்ததை அக்குழுவினர் கண்டறிந்தனர். குழந்தைப்பேற்றுப் பருவம் முடிந்த பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது ஹாக்ஸின் கருத்து. ஹட்சா பாட்டி கிழங்கு தோண்டிக் கொடுத்ததும் மம்பாவ் தோட்டத்துப் பாட்டி பேரனுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்ததும் ஒரே வகையான உதவிதான்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது? தமிழ்ப்பள்ளியில் படிக்கும் கொன்றைவேந்தன், தாய் தந்தையரைப் போற்றும் அடியோடு தொடங்குகிறது. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே உள்ளது. மாணவர்கள் இவற்றை மனனம் செய்கின்றனர். ஆனால், மனனம் செய்த அடிக்கு உயிர் கொடுப்பது வீட்டில் கண்ட காட்சி. காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் அதிகாலையில் வேலைக்கும் போன தாயைப் பிள்ளை மறப்பதில்லை. அந்த நினைவே பிற்காலத்தில் நன்றிக்கடனாக முளைக்கிறது. கடன் என்ற சொல் இங்கே கணக்குப் பார்த்துத் திருப்பித் தரும் பணத்தைக் குறிக்கவில்லை. எவ்வளவு செய்தாலும் தீர்ந்தது என்று சொல்லத் தோன்றாத உணர்வையே அது குறிக்கிறது.

ஒரு கூரை, பல கண்கள்

நன்றியுணர்வு மனத்தில் இருக்கிறது. அதைச் செயலாக மாற்றுவது அண்மை. லயத்து வீட்டில் அறைகள் குறைவு. தந்தையின் இருமல் மகனின் காதில் விழும். தாய் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தேவை கண்ணில் பட்டால் கை தானாக நீளும். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அதே பாசம் இருந்தாலும், தேவை கண்ணில் படுவதில்லை.

லயத்தில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். அடுத்த வீட்டில் நடப்பது யாருக்கும் மறைவில்லை. பெற்றோரைப் பட்டினி போட்ட மகன் கோவில் திருவிழாவிலோ திருமணப் பந்தலிலோ தலைநிமிர்ந்து நிற்க முடியாது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம், பாசம் தளர்ந்த இடத்திலும் கடமையைத் தாங்கிப் பிடித்தது. பிள்ளையற்ற முதியவருக்கு ஒரு வீட்டிலிருந்து சோறும் மற்றொரு வீட்டிலிருந்து குழம்பும் போயிற்று.

இவற்றை எல்லாம் இளம்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். தந்தை தம் தந்தைக்கு முதுகு தேய்த்துவிடுவதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு, அச்செயலைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோரைப் பேணும் பழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குப் பெரும்பாலும் பார்த்தே பழகப்படுகிறது.

இதனால், அக்கால வாழ்க்கை குறையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. வறுமை, குடிப்பழக்கம், குடும்பப் பூசல் ஆகியவற்றால் கைவிடப்பட்ட முதியோரும் இருந்தனர். பேணும் வேலை பெரும்பாலும் மருமகளின் தலையிலேயே விழுந்தது. காலையில் மரம் சீவி, பகலில் சமைத்து, மாலையில் நோயுற்ற மாமியாரைக் கவனித்த பெண்ணின் உழைப்பைப் பலர் உழைப்பாகவே எண்ணவில்லை. பழைய ஏற்பாட்டின் வலிமையை மதிக்கும்போது, அதன் சுமையைத் தாங்கியவர்களையும் நினைத்துப் பார்ப்பது முறை.

மகனா, மகளா?

தமிழர் குடும்பங்களில் முதிய பெற்றோர் மகன் வீட்டில் வாழ்வதே நெடுநாளைய வழக்கம். மகள் திருமணமாகிக் கணவன் வீட்டுக்குச் சென்றுவிடுவாள் என்பது அதன் அடிப்படை. சீனர் குடும்பங்களிலும் கன்பூசியஸின் போதனைகள் வழி வந்த பெற்றோர் பக்தி, மகன்மீதே, சிறப்பாக மூத்த மகன்மீதே, பெரும்பொறுப்பைச் சுமத்தியது.

ஆனால், மம்பாவுக்கு அண்மையில் உள்ள ரெம்பாவ், கோலா பிலா போன்ற வட்டாரங்களில் வாழும் மலாய்க்காரரிடையே முறை வேறு. அங்கே அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபு நிலவுகிறது. மினாங்கபாவ் மக்களிடமிருந்து வந்த இம்மரபில், குலத்துக்குரிய நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. திருமணமான ஆண், மனைவியின் ஊருக்குச் சென்று வாழ்வது வழக்கம். 1909இல் நெகிரி செம்பிலானில் இயற்றப்பட்ட மரபுவழி நிலவுடைமைச் சட்டம் இம்முறைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. வீடு மகளுடையதாக இருப்பதால், முதிய பெற்றோரைப் பேணும் பொறுப்பும் மகளோடு சேர்ந்தே அமைகிறது.

ஒரே மாநிலத்தில், ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள், ஒரு சமூகத்தில் மகனும் மற்றொரு சமூகத்தில் மகளும் பெற்றோரைப் பேணுகின்றனர். மகனுக்குத்தான் பாசம் கூடுதல் என்றோ, மகளுக்குத்தான் கூடுதல் என்றோ இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வீடு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே முதியோரும் இருக்கின்றனர் என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை. தோட்டத்திலும் அப்படித்தான். மகன் வெளியூருக்கு வேலைக்குச் சென்று, மகள் தோட்டத்திலேயே பெயர் பதிந்திருந்தால், பெற்றோர் மகளுடன் தங்கினர்.

தோட்டம் மாறியது

காலப்போக்கில் ரப்பர் விலை சரிந்தது. பல தோட்டங்கள் ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனையை நட்டன. செம்பனைக்கு, அதே பரப்பில், ரப்பரைவிடக் குறைவான ஆள்களே போதும். சிரம்பானைச் சுற்றித் தோட்ட நிலங்களாக இருந்த பகுதிகளில் புதிய வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. இளையோர் தொழிற்சாலை, அலுவலகம், கல்லூரி என நகரங்களை நோக்கிச் சென்றனர். சிலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். வருமானம் உயர்ந்தது, சொந்த வீடு வாங்கும் வாய்ப்பும் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியது பலருக்கு முன்னேற்றமாகவே அமைந்தது.

ஆனால், பராமரிப்பைத் தாங்கியிருந்த தூண்கள் தளர்ந்தன. ஒரே கூரை பல கூரைகளாயிற்று. அடுக்குமாடி வீட்டில் அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று தெரியாது. பேரப்பிள்ளைகள் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்குச் செல்கின்றனர். பாட்டியின் உதவி முன்போல் கட்டாயமாக இல்லை. நன்றியுணர்வு அப்படியே இருக்கிறது. அதைச் செயலாக மாற்றிய அண்மையும், ஊராரின் பார்வையும், ஒருவருக்கொருவர் உதவியாக இருந்த நிலையும் குறைந்துவிட்டன. இக்காலப் பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று குறைகூறுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மக்கள்தொகையும் மாறிவிட்டது. 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 குழந்தைகள் பிறந்தன. 2022இல் அந்த எண்ணிக்கை 1.6 ஆகக் குறைந்தது. முன்பு ஐவர் பகிர்ந்துகொண்ட பொறுப்பை இன்று இருவரோ ஒருவரோ ஏற்க வேண்டியுள்ளது. 65 வயதுக்கு மேற்பட்டோரின் விகிதம் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5.0 விழுக்காடாக இருந்து, 2020இல் 6.8 விழுக்காடாக உயர்ந்தது. மக்கள் நீண்ட நாள் வாழ்வது மகிழ்ச்சிக்குரியது. அதே வேளையில், பேண வேண்டிய காலமும் நீண்டுள்ளது.

நோய்களின் தன்மையும் வேறாகிவிட்டது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாகும். நீரிழிவு நோயாளிக்கு வேளைக்கு மருந்து, உணவுக் கட்டுப்பாடு, பாதத்தில் புண் ஏற்படாத கவனிப்பு ஆகியவை தேவை. சிறுநீரகம் பழுதுபட்டால், வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்பு மட்டும் இருந்தால் இவற்றைச் செய்துவிட முடியாது. நேரமும் பணமும் அறிவும் வேண்டும்.

சட்டமும் சமூகமும்

பிள்ளைகள் பேணத் தவறினால் சட்டம் தலையிடலாமா? சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரி நடுவர் மன்றத்தை நாடலாம். பெற்றோர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டவராகவோ கொடுமைப்படுத்தியவராகவோ இருந்தால், மன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பேணுதல் ஒருவழிப் பாதை இல்லை என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. இந்தியா 2007இல் இதையொத்த சட்டத்தைக் கொண்டுவந்தது.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே 2000ஆம் ஆண்டு முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் நடப்பில் உள்ளது. 40 வயதை எட்டியோர் அனைவரும் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். முதியவரைக் குளிப்பாட்டவும் பகலில் கவனித்துக்கொள்ளவும் பயிற்சி பெற்ற பணியாளரின் சேவை அத்திட்டத்தின் வழி கிடைக்கிறது.

மலேசியாவில் அரசாங்கம் குடும்பத்திற்குத் துணைநிற்கும் வகையில் பல உதவிகளை வழங்குகிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமானவரிக் கழிவு பெறலாம். வருமானமும் ஆதரவும் இல்லாத மூத்த குடிமக்களுக்குச் சமூகநலத்துறை மாதாந்திர உதவித்தொகை வழங்குகிறது; 2025இல் அத்தொகை 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களில் முதியோர் பகலில் கூடி உடற்பயிற்சி செய்யலாம், கைவினை கற்கலாம், நண்பர்களுடன் உரையாடலாம். படுத்த படுக்கையாக இருப்போரின் வீட்டிற்கே சென்று சிகிச்சையளிக்கும் சேவையும் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு. இவ்வுதவிகளைப் பற்றி அறியாததாலேயே பல குடும்பங்கள் தனியே தவிக்கின்றன. முதியவருக்காகப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பதும்கூடப் பராமரிப்பின் ஒரு பகுதியே.

சட்டத்தால் பணத்தைப் பெற்றுத் தர முடியும். சேவையை ஏற்பாடு செய்ய முடியும். தந்தையின் பக்கத்தில் அமர்ந்து, அவர் பலமுறை சொன்ன பழைய கதையை மீண்டும் ஒருமுறை கேட்பதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது.

பேணுபவரையும் பேணுதல்

இன்று நாற்பது, ஐம்பது வயதில் உள்ளோர் ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் மறுபக்கம் முதிய பெற்றோரையும் கவனிக்க வேண்டியுள்ளது. இரு தலைமுறைகளுக்கு இடையில் நிற்கும் இவர்களின் களைப்பை மற்றவர்கள் எளிதில் உணர்வதில்லை. பெரும்பாலும் உடன்பிறப்புகளுள் ஒருவரே முழுப்பொறுப்பையும் சுமக்கிறார். மற்றவர்கள் விழாக்காலத்தில் வந்து பார்த்துவிட்டு, "அம்மா ஏன் இளைத்துப் போனார்?" என்று கேட்கும்போது அவர் மனம் நோகிறது.

இதற்குத் தீர்வு, பேசி முடிவெடுப்பதாகும். பெற்றோர் நலமாக இருக்கும்போதே உடன்பிறப்புகள் கூடிப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வீட்டில் தங்க வைத்தால், மற்றொருவர் மருந்துச் செலவை ஏற்கலாம். இன்னொருவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். தொலைவில் இருப்பவர் ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கி, பேணுபவருக்கு ஓய்வு கொடுக்கலாம். மகன், மகள், மருமகள் என்ற வேறுபாட்டைவிட, யாரால் எதைச் செய்ய இயலும் என்பதே முக்கியம். முழுநேர மருத்துவக் கவனிப்பு தேவைப்படும்போது தரமான பராமரிப்பு இல்லத்தை நாடுவதும் எப்போதும் கைவிடுதல் ஆகாது. சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதே கைவிடுதல்.

இம்முடிவுகளில் பெற்றோரின் குரலும் ஒலிக்க வேண்டும். எங்கே வாழ விரும்புகின்றனர், எதைத் தாமே செய்துகொள்ள விரும்புகின்றனர் என்று அவர்களைக் கேட்பது அவசியம். விடியலுக்கு முன் எழுந்து உழைத்த கைகள் ஓய்வு காலத்திலும் ஏதேனும் ஒரு வேலையைத் தேடும். கீரை ஆயவும், துணி மடிக்கவும், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லவும் இடம் கொடுத்தால், தாம் இன்னும் வேண்டப்படுகிறோம் என்ற நிறைவு அவர்களுக்குக் கிடைக்கும்.

முடிவு

பிள்ளைகள் பெற்றோரைப் பேணுவதற்கு நன்றியுணர்வு வேராக இருக்கிறது. அண்மை, ஒருவருக்கொருவர் உதவுதல், சமூகத்தின் பார்வை ஆகியவை அவ்வேருக்கு நீர் வார்த்தன. மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் இவை யாரும் திட்டமிடாமலே, வாழ்க்கை முறையாலேயே அமைந்தன. வீடும் சொத்தும் ஓய்வூதியமும் இல்லாத மக்கள் தம் முதியோரைக் காத்தது அவ்வாறுதான். இன்று லயங்கள் மறைந்துவிட்டன, வேர் காயவில்லை. முன்பு தானாக அமைந்த ஏற்பாட்டை இன்றைய குடும்பங்கள் தாமே சிந்தித்து, பேசி, பகிர்ந்து அமைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யும் குடும்பத்தில் வளரும் பிள்ளை, வேறு பாடம் எதுவும் இன்றியே, நாளை தன் கடமையை அறிந்துகொள்ளும்.

சிந்தித்துக் கூறுக

1. சொத்து பற்றிய பொருளியல் கருத்து, தோட்டப்புற வாழ்க்கைக்குப் பொருந்தாதது ஏன்?
2. "வீடு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே முதியோரும் இருக்கின்றனர்." இக்கூற்றைப் பகுதியில் உள்ள இரு சான்றுகளைக் கொண்டு விளக்குக.
3. இக்காலப் பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டது என்னும் கருத்தை ஏற்கிறீரா? உமது காரணங்களைக் கூறுக.
4. உமது குடும்பத்தில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவருடைய பெற்றோரை யார், எவ்வாறு பேணினர் என்று கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதுக.